டிஷ் பூட்டி ஒரு வருடம்: அடுத்த வீட்டுச் சண்டைக்கு மாதக் கட்டணம்

போன வருடம் ஆடி அமாவாசை கழிந்த கிழமை எங்கள் வீட்டுக் கூரையில் டிஷ் பூட்டினோம். அம்மாவுக்கு முழங்கால் வலி கூடி, பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போவதே கிழமைக்கு ஒருமுறை என்று குறைந்து, பகலெல்லாம் விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு ரோட்டில் போகிற மான்களோடு கதைத்துக்கொண்டிருந்தார் (திருகோணமலைக்காரருக்கு இது விளங்கும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் ஊர் டவுனுக்குள் மாடு மாதிரி மான் திரியும், கேட் திறந்து கிடந்தால் உள்ளே வந்து செம்பரத்தையைத் தின்றுவிட்டுப் போகும்). இந்தியத் தமிழ்ச் சானல்கள் எல்லாம் வருகிற பக்கேஜ் ஒன்றைப் பார்த்து எடுத்தேன். ஒரு வருடம் முடிந்துவிட்டது, புதுப்பிப்பதா விடுவதா என்று யோசிக்கிற நேரம், அதனால்தான் இதை எழுதுகிறேன். கம்பனியின் பெயரை எழுதப்போவதில்லை. எந்தக் கம்பனியிடம் எடுத்தாலும் உள்ளே வருகிற சாமான் ஒன்றுதான், நான் எழுத வந்ததும் அந்தச் சாமானைப் பற்றித்தான்.

முதலில் பெட்டியையும் டிஷ்ஷையும் சொல்லி முடித்துவிடுகிறேன். பூட்ட வந்த பெடியன் கெட்டிக்காரன், ஒன்றரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது, படம் கண்ணாடி மாதிரி. ஆனால் கடலில் இருந்து எங்கள் வீடு கூப்பிடு தூரம், உப்புக் காற்றில் ஆறு மாதத்துக்குள் நட்டெல்லாம் கறள். ஐப்பசி, கார்த்திகை மழை இருக்கிறதே, அந்த இரண்டு மாதமும் வானம் கறுத்தாலே படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். பெரிய மழை செய்மதி அலையை உறிஞ்சிவிடுகிறது, அதற்குக் கம்பனி என்ன செய்யும், அதை நான் குறையாகச் சொல்லவில்லை. குறை என்னவென்றால், போன் எடுத்துத் தமிழுக்கு இரண்டை அழுத்தி இருபது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு சிங்களத்தில் 'சொல்லுங்கள்' என்றார்கள். சரி, இந்த நாட்டில் இது ஒரு புதினமா.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பக்கேஜில் நூற்றுக்கு மேல் சானல் இருக்கிறது. நாங்கள் பார்ப்பது நாலு. அந்த நாலிலும் படமோ செய்தியோ அல்ல, அடுத்தவன் குடும்பம்தான். மாமியார் ஒரு பக்கமும் மருமகள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்து வாதாடுகிற 'நீயா நானா' (2006இல் தொடங்கியது, அந்த வருடம் பிறந்த பிள்ளைகள் இப்போது வாக்குப் போடுகிறார்கள்), வீட்டுக்குள் ஆட்களை அடைத்து வைத்துவிட்டு நடுவில் அம்மா அப்பாவைக் கொண்டுவந்து காட்டுகிற 'பிக் பாஸ்', பாட்டுப் போட்டி என்று பெயர் போட்டுவிட்டுப் பாதி நேரம் பிள்ளையின் வீட்டு வறுமையைக் காட்டுகிற நிகழ்ச்சிகள். அது போதாதென்று, குடும்பச் சண்டைக்காரரைக் கூப்பிட்டு இருத்தி விசாரிக்கிற, ஒளிபரப்பு முடிந்துபோன 'சொல்வதெல்லாம் உண்மை'யின் பழைய பகுதிகளை அம்மா யூடியூபில் தேடித் தேடிப் பார்க்கிறார். டிவியை வைஃபையில் இணைத்துக் கொடுத்தது நான்தான், அந்தப் பாவம் என் தலையில்.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லது உண்மையாகவே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை 'நீயா நானா'வில் ஒரு மருமகள், கலியாணம் முடித்த புதிதில் புகுந்த வீட்டில் தனக்கு மட்டும் குறைவாகச் சாப்பாடு போட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் போனை நோண்டிக்கொண்டிருந்தேன். அம்மா டிவியைப் பார்த்தபடியே, யாருக்கோ சொல்வது மாதிரி, "எனக்கும் அப்பிடித்தான்" என்றார். பிறகு அரை மணித்தியாலம், மூதூரில் அப்பாவின் வீட்டில் இருந்த முதல் வருடத்தைப் பற்றிச் சொன்னார். மீன் குழம்பில் தலைத் துண்டு யாருக்கு, நடுத்துண்டு யாருக்கு, இவருக்கு வெறும் ஆணம் மட்டும். கிணற்றடியில் இருந்து அழுதது, அப்பாவுக்குத் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தது. அப்பம்மாவை நான் தெய்வம் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தவள். எனக்கு முப்பத்தாறு வயது, இந்தக் கதையை ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த அரை மணித்தியாலத்துக்காக ஒரு வருடக் காசையும் கட்டலாம்.

எங்கள் ஆட்களுக்கு வீட்டுக் கதையை நேராகச் சொல்ல வராது. வேறொருத்தி சொன்னால் அவளுக்குப் பின்னால் நின்று சொல்வார்கள். கோயில் வீதியில், கலியாண வீட்டில், செத்த வீட்டில் எல்லாம் இப்படித்தான் கதை வெளியே வரும். இப்போது அந்த வேலையை டிவி செய்கிறது. அம்மா எபிசோடுக்கு எபிசோடு தீர்ப்புச் சொல்வார்: "நீ பாரன், இவள் இப்ப அழுவாள்", "அந்தாள் பொய் சொல்லுறான், கண்ணைப் பார்", "தாய் சரியில்ல, தாய் சரியில்ல". பத்துக்கு ஏழு தடவை சரியாகவும் இருக்கும். முழங்கால் வலிக்காரி ஒருத்திக்கு, யாருமே அபிப்பிராயம் கேட்காத ஒரு மனுசிக்கு, மாலை ஏழரை தொடக்கம் பத்து மணிவரை நீதவான் உத்தியோகம். அதைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் பெரியப்பா ஒருவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற உப அதிபர், பல வருடமாக மத்தியஸ்த சபையில் இருக்கிறார் (இணக்க சபை என்று ஊரில் சொல்வோம், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நாடு முழுக்க இருக்கிறது, காணி எல்லை, கைமாற்றுக் காசு, புருசன் பெண்சாதி சண்டை எல்லாம் கோட்டுக்குப் போக முதல் அங்கேதான் வரும்). ஒருநாள் வீட்டுக்கு வந்தவர் அம்மாவோடு இருந்து 'சொல்வதெல்லாம் உண்மை' ஒரு பகுதியை முழுசாகப் பார்த்தார். பிளேன்ரீ ஆறிப்போனது கூடத் தெரியவில்லை. முடிந்ததும் சொன்னார்: "எங்களுக்கு இப்பிடி ஒரு கேஸ் வந்தால் மூண்டு தவணை, நாலு தவணை போகும். முதல் நாள் ரெண்டு பேரும் சொல்லுறது சண்டையே இல்ல. சண்டை வேற எங்கேயோ இருக்கும். அதைத் தோண்டி எடுக்கிறதுக்கே ரெண்டு சனிக்கிழமை வேணும். இவையள் விளம்பரத்தோட சேர்த்து ஒரு மணித்தியாலத்தில முடிக்கினம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்கட இடத்தில கதவைச் சாத்திப்போட்டுத்தான் கதைப்பம்" என்றார். பெரியப்பாவிடம் எந்தக் குடும்பத்தின் கதையை எவ்வளவு கிண்டினாலும் ஒரு சொல் வராது. அம்மா முயன்று பார்த்திருக்கிறார்.

அந்த 'ஒரு மணித்தியாலம்' என் மண்டைக்குள் நின்றுவிட்டது. டிவியில் வருகிற குடும்பம் வெட்டி ஒட்டின குடும்பம், அதை நாம் மறந்துவிடுகிறோம். இந்த வகை நிகழ்ச்சிக்கு முன்னோடி என்று சொல்வது அமெரிக்காவில் 1973இல் பி.பி.எஸ். என்கிற பொதுத் தொலைக்காட்சி ஒளிபரப்பிய 'ஆன் அமெரிக்கன் ஃபேமிலி'. கலிபோர்னியாவில் ஒரு குடும்பம், தாய் தகப்பன் ஐந்து பிள்ளைகள், மாதக்கணக்கில் வீட்டுக்குள் கமரா. தாய், தகப்பனைப் பார்த்துப் பிரிந்துபோகச் சொல்வதும் கமராவுக்கு முன்னாலேயே நடந்தது. எடுத்தது ஏறத்தாழ 300 மணித்தியாலம், காட்டியது 12 பகுதி. அதாவது 25 மணித்தியாலத்தைக் குறுக்கி ஒரு மணித்தியாலம். நாங்கள் இப்படி இல்லை, சிரித்த நேரத்தை எல்லாம் வெட்டிவிட்டார்கள் என்று அந்தக் குடும்பம் பிறகு வருத்தப்பட்டது. மீதி 24 மணித்தியாலமும் அவர்கள் சோறு தின்றிருப்பார்கள், பாத்திரம் கழுவியிருப்பார்கள், ஒன்றும் பேசாமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருப்பார்கள். குடும்பம் என்பதே அதுதானே. அதைக் காட்டினால் நான் பார்ப்பேனா? மாட்டேன், சானலை மாற்றிவிடுவேன். அப்போது வெட்டுகிற கத்தரிக்கோலின் ஒரு பிடி என் கையிலும் இருக்கிறது.

நானும் சிரித்தவள்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். 'என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா' என்று ஒரு காலத்தில் திருகோணமலை முழுக்கச் சொல்லித் திரிந்தோம். பஸ்ஸில், டியூஷனில், மீன் சந்தையில், விலை கூடச் சொன்ன மீன்காரரிடம். 'சொல்வதெல்லாம் உண்மை'யை நடத்திய லட்சுமி ராமகிருஷ்ணன் சொன்ன வரி, மிமிக்ரிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள், சினிமாப் பாட்டாகவும் வந்தது. அந்த வரிக்கு எதிரே ஒரு கதிரையில் யாரோ ஒரு பெண் இருந்திருப்பாள், அவளுடைய வீடு உடைந்த நாள் அது. நாங்கள் அந்த வரியை மட்டும் எடுத்துக்கொண்டு மீன் விலை பேசினோம். 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை போட்டபோது, ஐயோ நிப்பாட்டிப்போட்டாங்களே என்று அலுவலகத்தில் முதலில் சொன்ன ஆள் நான். அடுத்த வருடம் இங்கிலாந்தில் இதே மாதிரியான ஒன்று, 'ஜெரமி கைல் ஷோ', 2005இல் இருந்து ஓடியது, பொய் கண்டுபிடிக்கிற கருவிச் சோதனையில் தோற்றுப்போன ஒரு மனுசன் சில நாளில் இறந்துபோக, அதை ஒளிபரப்பிய ஐ.டி.வி. சானல் மொத்தமாக மூடியது. செய்தியில் பார்த்தேன். பார்த்துவிட்டு இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கம்போல டிவிக்கு முன்னால் இருந்தேன்.

'பிக் பாஸ்' பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. 2019, மூன்றாவது சீசன். சக்தி டிவியில் செய்தி வாசித்த லொஸ்லியா போயிருந்தார், எங்கள் ஆள் என்ற எண்ணத்தில் இலங்கைத் தமிழர் வீடுகள் எல்லாம் இரவில் டிவிக்கு முன்னால். ஃப்ரீஸ் டாஸ்க் என்று ஒன்று வைப்பார்கள்: அசையக்கூடாது, பேசக்கூடாது, கண்ணெதிரே சொந்தங்கள் நடந்து வருவார்கள். வருடக்கணக்காகக் காணாத தகப்பன் கனடாவில் இருந்து வந்து நிற்கிறார், வந்ததும் கோபம், மகளை ஏசுகிறார், அவள் அழுகிறாள். அன்று எங்கள் ஒழுங்கையில் கதைக்க வேறு கதை இல்லை. தகப்பன் செய்தது சரி என்று பாதிப் பேர், கமராவுக்கு முன்னால் ஏசலாமா என்று பாதிப் பேர், இரண்டு பாதியும் கண் துடைத்தது. இந்த ஊரில் வெளிநாட்டில் ஒரு ஆள் இல்லாத வீடு குறைவு. போனில் மட்டும் தகப்பனாக இருக்கிற தகப்பன்மார் எத்தனை பேர் என்று எங்களுக்குத் தெரியும், அதனால் அழுதோம், அந்த அழுகை பொய் இல்லை. ஆனால் அந்தச் சந்திப்பு எயார்போர்ட்டிலோ வீட்டு வாசலிலோ நடந்திருந்தால் அவள் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்திருப்பாள், யாரும் ஃப்ரீஸ் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்த வருடம் நவம்பரில் அந்தத் தகப்பன் காலமாகிவிட்டார். அந்தத் துண்டு இன்னும் யூடியூபில் ஓடுகிறது, நடுவில் சவர்க்கார விளம்பரத்தோடு.

சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் கிடுகு வேலி. பக்கத்தில் சண்டை வந்தால் அம்மா குசினிக்குள் சத்தம் போடாமல் வேலைசெய்வார், வடிவாகக் கேட்க வேண்டுமே. ஆனால் எங்கள் வீட்டில் சண்டை வந்தால் அந்தப் பக்கமும் சட்டிபானைச் சத்தம் நின்றுவிடும். அவர்கள் கேட்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும், நாங்கள் கேட்டது அவர்களுக்கும் தெரியும். அடுத்த நாள் தண்ணீர்ப் பைப்பில் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டும், ஒன்றும் தெரியாத மாதிரி 'இண்டைக்கு என்ன கறி' என்று கேட்க வேண்டும். பிறகு மதில் கட்டினார்கள், ஆறடி. வேலிக்குப் பதிலாக டிவி வந்தது. அதில் நாங்கள் கேட்கலாம், எங்களை யாரும் கேட்க மாட்டார்கள், பைப்படியில் யாரையும் பார்க்கத் தேவையில்லை. இதற்குத்தான் மாதக் கட்டணம் என்று எனக்குப் படுகிறது. படத்துக்கோ சானலுக்கோ இல்லை, பைப்படிக்குப் போகத் தேவையில்லாததற்கு.

போன புரட்டாதியில் அந்த வசதியும் போய்விட்டது. எங்கள் ஒழுங்கையின் கடைசியில் ஒரு குடும்பம், தகப்பன் இல்லை, தாய் வீட்டு வேலைக்குப் போகிறவர், பெடியன் ஏ.எல். படிக்கிறான். உதவி செய்கிறோம் என்று ஒரு யூடியூப் குழு வந்தது. இந்தத் தொழில் இப்போது வடக்கு கிழக்கில் நன்றாக ஓடுகிறது: வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்கள் காசு அனுப்புவார்கள், இவர்கள் கமராவோடு வீட்டுக்குள் போய்ப் பானையைத் திறந்து காட்டுவார்கள், கடைசியில் காசைக் கையில் கொடுத்து அழச் சொல்வார்கள். 2025 மார்ச்சில் யாழ்ப்பாணப் பக்கம் இந்த மாதிரி ஒரு யூடியூபர் கைதாகவும் செய்தார். எங்கள் ஒழுங்கைக்கு வந்தவர்கள் அவ்வளவு மோசம் என்று சொல்ல மாட்டேன். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். ஆனால் கூரை ஒழுகுகிற இடத்துக்குக் கீழே அந்த அம்மாவை நிற்கவைத்து, "எத்தனை நாள் சாப்பிடாம இருந்திருக்கிறீங்க" என்று கேட்டார்கள். அவர் சொன்னார். பின்னணியில் வயலின்.

அம்மாவுக்கு அந்த வீடியோவை யூடியூபே தேடிக் கொண்டுவந்து கொடுத்தது, இவ்வளவு நாளும் இதைத்தானே பார்த்தாய், இந்தா என்று. இரண்டு நிமிடம் அம்மா வழக்கம்போலத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார், "பாவம், மனுசி நல்லவள் போல". பிறகு வீடியோவில் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தாரோ என்னவோ, எழும்பி உட்கார்ந்தார். "ஐயோ, இது கடைசி வீட்டுப் பிள்ளையல்லோ." நிப்பாட்டச் சொன்னார். நிப்பாட்டினேன். திரையில் அந்த அம்மாவின் முகம் அப்படியே நின்றது, வாய் பாதி திறந்தபடி, அதை அணைக்க ரிமோட் உடனே வேலை செய்யவும் இல்லை.

அடுத்த நாள் காலை அந்தக் கடைசி வீட்டுக்காரி எங்கள் வீட்டைத் தாண்டித்தான் வேலைக்குப் போனார். அம்மா விறாந்தையில் இருந்தார். ஒவ்வொரு நாளும் 'என்ன பிள்ளை' என்று கேட்பவர், அன்று உள்ளே எழும்பிப் போய்விட்டார், முழங்கால் வலியோடு. பெடியன் இரண்டு கிழமை டியூஷனுக்குப் போகவில்லை, கூடப் படிக்கிற எல்லாரும் பானைக்குள் பார்த்துவிட்டார்கள். இதெல்லாம் ஒரு பக்கம். மறு பக்கம், ஐப்பசி மழைக்கு முதல் அந்த வீட்டுக்குப் புதுத் தகரம் போட்டுவிட்டார்கள், வீடியோவில் சொன்ன காசு உண்மையாகவே வந்தது. நான் ஒருநாள் கடைக்குப் போகிற வழியில் தயங்கித் தயங்கிக் கேட்டேன், அக்கா உங்களுக்கு அது சங்கடமாக இருக்கவில்லையா என்று. என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "மழைக்கு ஒழுகேல்ல தங்கச்சி. பார்க்கிற ஆக்களுக்குத்தான் சங்கடம்" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை, பக்கத்தில் நின்ற மானுக்கும் இருந்த மாதிரித் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அம்மா பார்ப்பதை நிப்பாட்டிவிட்டார் என்று எழுத ஆசைதான். நிப்பாட்டவில்லை. யூடியூபில் உதவி வீடியோ மட்டும் வந்தால் தள்ளிவிடச் சொல்கிறார், இந்தியக் குடும்பங்களைப் பார்க்கிறார். "அவையள் தூரத்தில தானே" என்கிறார். சின்னப் பிள்ளைகள் அழுகிற பாட்டுப் போட்டி வந்தால் நான் சானலை மாற்றுவேன், அவர் திரும்ப மாற்றுவார், இப்படி ஒரு சண்டை எங்கள் வீட்டிலும் தொடங்கியிருக்கிறது. பக்கத்து வீட்டு அன்ரி சட்டி கழுவுவதை நிப்பாட்டிவிட்டுக் கேட்கிறாரோ தெரியாது, ஆறடி மதில்.

சரி, வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு. படத்துக்கு ஐந்துக்கு நாலரை, மழைக்காலத்தைக் கழித்து நாலு. போன் சேவைக்கு ஒன்று, அதுவும் பாட்டு நன்றாக இருந்ததால். வீட்டில் வயதானவர் தனியே இருக்கிறார் என்றால் எடுங்கள், ஆனால் பக்கத்தில் இருந்து சேர்ந்து பாருங்கள். என் அம்மாவின் மீன் குழம்புக் கதை நான் பக்கத்தில் இருந்ததால்தான் வந்தது, தனியே இருந்திருந்தால் அதுவும் உள்ளேயே போயிருக்கும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் நான் இரண்டு தடவை யோசிப்பேன். டிஷ் பூட்ட வருகிறவரிடம் கறள் பிடிக்காத நட்டுக் கேளுங்கள், கடற்கரைப் பக்கம் என்றால் கட்டாயம் கேளுங்கள், நான் கேட்காமல் விட்டு இரண்டு தடவை கூரையில் ஏற ஆள் பிடித்தேன்.

புதுப்பிக்கிற கடைசித் திகதி வருகிற வெள்ளி. அம்மா காசை எண்ணி மேசையில், சாமிப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டார். அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பார்சலும் இருக்கிறது, கடைசி வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லி, காலையில் அவித்த புட்டு. "நீ கொண்டு போய்க் குடு" என்கிறார். நீங்களே கூப்பிட்டுக் கொடுங்கள், வாசலால்தானே போகிறார் என்று சொல்லிப் பார்த்தேன். முழங்கால் வலிக்கிறதாம்.